கிராம சபைக்கு முன் ஒரு கடிதம்

திருச்சிராப்பள்ளி,
ஆகஸ்ட் 24

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததையும், தங்கையின் முழங்கால் வலி சற்றுத் தணிந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தோம். கடைசிப் பக்கத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் நம் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைப் பற்றிப் பேச எழுந்த நீ, மைக் கைக்கு வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, "மற்றவர்கள் சொன்னதுதான் என் கருத்தும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கால்வாய் எந்தெந்த வயலோரம் வருகிறது, எந்த இடத்தில் மண் மேடிட்டுக் கிடக்கிறது என்பதையெல்லாம் உன்னைவிட அறிந்தவர் அந்தப் பந்தலுக்குள் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். "நீ போகிற பேச்சு மன்றத்தில் இந்த நடுக்கத்துக்கு மருந்து ஏதும் தருகிறார்களா?" என்ற உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மன்றம் என்ன என்று சொல்கிறேன். ஞாயிறு மாலைகளில் ஒரு பள்ளி வகுப்பறையில் இருபது பேர் அளவில் கூடுகிறோம். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தையற்கடை நடத்தும் ஓர் அம்மா, மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், நேர்முகத் தேர்வுக்கு அஞ்சும் கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். ஆசிரியர் என்று எவரும் இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1924 அக்டோபர் 22 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தின் முறை இது. அதன் கிளைகள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. தமிழிலேயே நடப்பவையும் உண்டு. எங்கள் மன்றம் அந்த அமைப்பில் சேரவில்லை. முறையை மட்டும் வாங்கிக்கொண்டது. பேசத் துணிவு ஊட்டுவதற்கென்றே பிறந்த அந்த அமைப்பு, பெண்களை முறைப்படி உறுப்பினராக ஏற்றுக்கொள்ள 1973 வரை எடுத்துக்கொண்டது என்பதைத் தையற்கடை அம்மாவிடம் சொன்னேன். "அதுவரைக்கும் யாரிடம் பேசிப் பழகினார்களாம்?" என்று கேட்டுவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கூட்டத்தின் நடைமுறையைச் சொன்னால் உனக்கு விளையாட்டாகத் தோன்றும். ஆயத்தம் செய்துகொண்டு வந்து பேசுபவருக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை. ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. அதற்குமேல் அரை நிமிடம் பொறுப்பார்கள், அவ்வளவுதான். உடனடிப் பேச்சு என்று ஒரு பகுதி உண்டு. கையில் தரும் சீட்டில் உள்ள தலைப்பைப் படித்த மாத்திரத்தில் எழுந்து ஒன்று அல்லது இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஆனால் புதிதாக வருபவரை எடுத்த எடுப்பில் பேசச் சொல்வதில்லை, அவரிடம் முதலில் கடிகாரத்தையும் அந்த மூன்று அட்டைகளையும் கொடுத்துவிடுகிறார்கள். நேரம் பார்ப்பவர் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அட்டைகளின் விதியை விளக்க வேண்டும், முடிவில் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று படிக்க வேண்டும். அப்படி விளக்கும்போதே அவர் தம்மை அறியாமல் முதல் மேடைப் பேச்சை முடித்துவிட்டிருப்பார். அட்டையைக் காட்டுவதில் கவனம் இருப்பதால், தாம் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலை அவருக்கு வருவதே இல்லை.

இதன் உட்பொருளை எனக்குப் புரியவைத்தவர் அந்த நடத்துநர்தான். அவருக்கு முதல் நாள் உடனடிப் பேச்சில் "தொலைந்துபோன பொருள்" என்று ஒரு சீட்டு வந்தது. எழுந்து நின்றவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், சட்டைப் பையில் இல்லாத பேனாவைத் தேடினார். யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த அமைதியிலேயே ஒரு நிமிடம் கழிந்து பச்சை அட்டை உயர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும், பேருந்தில் விட்டுச் செல்லும் பொருள்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு தேநீர் வேளையில் அவரே சொன்னார்: "நெரிசலில் எழுபது எண்பது பேருக்குக் கேட்கிற மாதிரி அத்தனை வருடம் கத்தியிருக்கிறேன் சார், ஒரு நாளும் கூசியதில்லை. ஏனென்றால் அது என் வேலை." குரலும் துணிவும் அவரிடம் ஏற்கனவே இருந்தன. இன்ன காரியத்துக்காக நிற்கிறோம் என்ற தெளிவு மேடையில் இல்லாததால்தான் அவை வெளிப்படவில்லை. மன்றம் செய்வதெல்லாம் வாரந்தோறும் ஏதாவது ஒரு காரியத்தைக் கையில் கொடுத்து நிற்க வைப்பதுதான்.

அப்படிப்பட்ட வேலைகளில் என்னை அதிகம் திருத்தியது, வேண்டாத சொற்களை எண்ணும் வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேச்சாளர் பெயரை எழுதி, அவர் "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா", "என்ன சொல்ல வர்றேன்னா" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். இளைஞர்களுக்கு "ஆக்சுவலி", "பேசிக்கலி" என்று தனிப் பத்தியே வேண்டியிருக்கும். சில வாரம் கோடு போட்ட பிறகு ஒன்று விளங்கியது: இச்சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில்தான் வந்து விழுகின்றன. மேடை என்றவுடன் நாம், வந்து, பார்த்து, கேட்டு, அறிந்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகிறோம். முடிக்க வேண்டிய வினை எங்கோ தொலைவில் நிற்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய எழுவாய் மறந்துவிடுகிறது. அந்த இடைவெளியைத்தான் "வந்து" என்று அடைக்கிறோம். எழுத்தில் இந்த நீளம் தாங்கும், நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதுபோல. பேச்சில் முடிந்தவரை விரைவில் வினையைச் சொல்லி வாக்கியத்தை மூடிவிட வேண்டும். மூடியபின் ஒரு கணம் சும்மா நிற்கலாம், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

நீயும் நானும் பேச அஞ்சியதற்கு, நாம் பேச்சென்று எதைக் கேட்டு வளர்ந்தோம் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பள்ளிப் பேச்சுப் போட்டியில் அடுக்குமொழியை மனப்பாடம் செய்து ஒப்பித்தவனுக்குத்தான் எவர்சில்வர் தட்டு கிடைத்தது. அவையஞ்சாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் எழுதி மதிப்பெண் வாங்கிய வகுப்பில், ஆண்டு விழாவுக்கு நன்றி சொல்லக்கூட யாரும் எழவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். மேடைப்பேச்சு தமிழனின் பிறவிச் சொத்து என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்கும் கற்றுக்கொண்ட வரலாறு உண்டு. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே பணிபுரிந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவியவர் நாவலர். தேவாலயப் பிரசங்கத்தை அருகிருந்து கண்டவர், அந்த முறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய தமிழறிஞரே பார்த்துப் பழகித்தான் பேசினார் என்றால், நமக்கு மட்டும் அது தானாக வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மன்றத்தில் எல்லாம் சிறப்பு என்று எழுதிவிட்டால் நீ நம்ப மாட்டாய். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடியும் ஒரு பாராட்டு என்பது எழுதாத வழக்கமாகிவிட்டது. குறை சொல்ல மனம் வராதவர்கள் நடுவில் இருப்பதையும் விட்டுவிடுகிறார்கள். மேலும், ஒரே இருபது முகங்களின் முன் தைரியம் வந்தவர், அந்த அறைக்கு வெளியே மீண்டும் வாயடைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகையால் அவ்வப்போது வெளியேயும் பேசத்தான் வேண்டும். திருமண வரவேற்போ, பணி நிறைவு விழாவோ, உன் கிராம சபையோ, கிடைத்த இடத்தில்.

நடுக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இன்றும் முழங்கால் நடுங்குகிறது, வாய் உலர்கிறது. அது எதிரிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதுதான் நான் கற்றது. இதை மன்றத்தின் சமாதானப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர்கள் தங்கள் பதற்றம் அவையோர் கண்ணில் எவ்வளவு படுகிறது என்பதை மிகையாகவே கணிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். பதற்றம் அவ்வளவாக வெளியே தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசியதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தச் செய்தியை உனக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இனி அக்டோபர் 2 அன்று வரும் அடுத்த கிராம சபை. பேச்சாளனாக அங்கே போகாதே. ஒரு தீர்மானத்தை எழுத வைத்துவிட்டு வரப் போகிறவனாகப் போ. மேடையிலிருக்கும் ஒவ்வொருவரையும் பதவி சொல்லி விளிக்கத் தொடங்கினால் உன் மூச்சு அதிலேயே தீர்ந்துவிடும், அனைவருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் போதும். அடுத்து மூன்று செய்திகளை மட்டும் சொல். கால்வாய் எந்தப் புல எண்ணிலிருந்து எந்தப் புல எண் வரை அடைபட்டிருக்கிறது. அதனால் எந்த மடைக்குக் கீழே உள்ள வயல்கள் தண்ணீரின்றிக் கிடக்கின்றன. சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். புல வரைபடத்தின் நகலும், இதையே எழுதிக் கையொப்பமிட்ட மனுவும் கையில் இருக்கட்டும். நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் மனுவைப் பார்த்துப் படி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருச் செய்து கொள். "இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துவிட்டு, பதிவேட்டில் எழுதப்படும் வரை உட்காராமல் நில். இந்த முறை தவறினாலும் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராம சபை இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

உன் ஊரில் மன்றம் இல்லையே என்று சொல்வாய். வாசகசாலைத் திண்ணையில் மாலையில் கூடும் நாலு பேர் போதும். ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடு, இன்னொருவரிடம் ஒரு தாளைக் கொடுத்து உன் "வந்து"களை எண்ணச் சொல். அவர்களையும் முறை வைத்துப் பேசச் சொல், அவர்கள் பேசும்போது நீ எண்ணு. மூன்று நிமிடத்துக்குள் செய்தியைச் சொல்லி முடிக்கும் வரை ஒவ்வொரு மாலையும் செய்து பார்.

அதற்கிடையில் வரும் ஞாயிறு இரவு எட்டு மணிக்குமேல் என்னைத் தொலைபேசியில் அழை. நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் வணக்கம் என்று தொடங்கிக் கால்வாய்க்கு வா. நான் நேரம் பார்க்கிறேன். பாராட்டு, குறை, பாராட்டு என்ற வரிசை உனக்குக் கிடையாது. நடுவில் இருப்பதை மட்டும் சொல்வேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்,
நடராசன்