மகள் மெக்கானிக்கல் கேட்டால் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எங்கள் தெருவில் யாராவது யோசனை கேட்டு என் வீட்டுக்கு வருவார்கள். இந்த முறை எதிர்வீட்டுப் பெண் தன் அப்பாவோடு வந்தாள். அவளுக்கு மெக்கானிக்கல் படிக்க ஆசை. அவருக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். "பொம்பளப் பிள்ளை பட்டறையில போய் என்னம்மா பண்ணுவா?" என்றார். நான் 26 வருடமாகப் பட்டறையில்தான் இருக்கிறேன். அவரிடம் சொன்னதை மற்ற பெற்றோருக்கும் சொல்ல இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். முதலில் டிப்ளமோ, அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். ஃபிட்டிங் வகுப்பில் அரம் பிடித்து உள்ளங்கை கொப்பளித்தது. இரும்புத் துண்டை ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் கீற்றைத் தேடப் பழகிய கண்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. பம்பில் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி அளவுக்கு மேல் போனால், ஏற்றிய தண்ணீரே உள்ளே திரும்பிச் சுற்றும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் குறையும். விவசாயியின் அந்த நஷ்டத்தை முன்கூட்டியே பிடிப்பதுதான் என் வேலை.

பட்டறை என்றால் இரும்பைக் கடையும் லேத் மட்டும் இல்லை. என்னோடு படித்த ஒருத்தி பிளாஸ்டிக் மோல்டு டிசைன் செய்கிறாள். ஒருவர் ஆஸ்பத்திரிகளுக்கு ஏ.சி. திட்டம் போடுகிறார். இன்னொருவர் பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வு எழுதிப் பொதுத்துறையில் சேர்ந்தார். இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. மின்சார வண்டி வந்தால் மெக்கானிக்கல் செத்துவிடும் என்று அந்த அப்பா பயந்தார். என்ஜின் பாகங்கள் குறையும், உண்மைதான். ஆனால் பேட்டரி சூடாகாமல் காப்பதும், அதற்கு அலுமினியப் பெட்டி வார்ப்பதும், பிரேக்கும் சஸ்பென்ஷனும் எங்கள் வேலைதானே?

ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் சொல்லிவிட்டேன். ஐ.டி.க்குப் போன தோழிகள் வாங்கியதில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. நாலைந்து வருடம் பொறுக்க வேண்டியிருந்தது.

என் கவலை வேறு. நேர்முகத் தேர்வில் 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரைக் கையில் கொடுத்தால், முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள்கூட அளவு படிக்கத் தெரியாமல் விழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு கல்லூரிக்குப் போனபோது லேத்துகள் தூசி படிந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விருப்பப் பட்டியலில் கல்லூரிப் பெயரைப் போடும் முன் அதன் ஒர்க்‌ஷாப்பை நேரில் பாருங்கள். லேத் படுகையில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, அடியில் புது இரும்புச் சீவல் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இறுதியாண்டுப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு மைக்ரோமீட்டரில் அளவெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு வருடம் உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பழகும் வாய்ப்பு இருப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு அப்பாவும் மகளும் வரும் சனிக்கிழமை இரண்டு கல்லூரிகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்.