அட்டமியில் கோச் பிடியுங்கள்: சானன்ரி முனைக்குப் பயணம் வைக்கும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில்களின் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் டொல்பின் பார்க்கவென்று கோச் பிடித்து, இன்வர்னஸுக்கு அப்பால் பிளாக் ஐலில் இருக்கும் சானன்ரி முனைக்கு வருகிறீர்கள். கல்லுக்கரையில் பாய் விரித்து, ரோல்ஸும் புரியாணியும் சாப்பிட்டு, ஒரு முதுகுத் துடுப்பைக்கூடக் காணாமல் திரும்பும் குழுக்களும் உண்டு. டொல்பின்கள் இல்லாமல் இல்லை. ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் இருநூறுக்கு மேற்பட்ட போத்தல்மூக்கு டொல்பின்கள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. இந்த முனை இருக்கும் மொரே குடாவின் உட்பகுதி 2005 முதல் முக்கியமாக அவற்றுக்காகப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. குறை நாம் குறிக்கும் திகதியில் இருக்கிறது. கோச் எப்போது மலிவு, சமைப்பவர்களுக்கு எப்போது வசதி என்றெல்லாம் பார்க்கிறோம். கடல் எப்போது ஏறும் என்று மட்டும் பார்ப்பதில்லை.

சானன்ரி முனை கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு கல்நாக்கு. எதிர்க்கரையில் ஃபோர்ட் ஜோர்ஜ் கோட்டை. இடையில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான இடுக்கு. நெஸ், பியூலி ஆறுகளுக்குப் போகும் சால்மன் மீன்கள் இந்த இடுக்கைத் தாண்டியே ஆகவேண்டும். வற்று (கடல் இறக்கம்) முடிந்து பெருக்கு (கடல் ஏற்றம்) உள்ளே தள்ளத் தொடங்கும்போது மீனும் அந்த நீரோட்டத்தோடு வரும். டொல்பின்கள் அதற்குக் குறுக்கே நின்று வேட்டையாடும். நீர் கரையோரத்திலேயே சட்டென்று ஆழமாவதால் சிலவேளை கல்லெறி தூரத்துக்கும் கிட்ட வந்துவிடும், படகே தேவையில்லை.

ஆகவே கணக்கு இதுதான்: வற்றின் அடிமட்டத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்கி, அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலம். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் இன்னும் நல்லது. வற்று நேரத்தை இன்வர்னஸ் அல்லது முனைக்குப் பக்கத்து ஊரான ரோஸ்மார்க்கி என்று போட்டுத் தேடுங்கள். அபர்டீன் நேரம் இங்கே சரிவராது. அச்சிட்ட அட்டவணைகள் பலவும் கிறீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும். கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் தாமே கூட்டிக் காட்டும். அதற்கு மேலே இன்னொரு மணித்தியாலத்தைக் கூட்டி ஆட்டம் முடிந்தபின் வந்து சேர்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி நம்மவர்களுக்கு வாய்ப்பான ஒரு விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே வற்று காலை ஆறு ஏழை ஒட்டியும் மாலையில் அதே நேரத்தை ஒட்டியும் விழும். நீங்கள் வந்திறங்கும் நண்பகலில் கடல் நிரம்பி நிற்கும், வேட்டை முடிந்திருக்கும். வற்று நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திப் பிந்திப் போவதால், நடுப்பகலை ஒட்டி அது வருவது அட்டமியைச் சுற்றிய நாட்களில். குசினிச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தே நாலைந்து சனிக்கிழமைகளைப் பொறுக்கிவிடலாம். பிறகு அட்டவணையோடு ஒப்பிட்டு, வற்று பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் வரும் நாளை எடுங்கள். அட்டமி நவமியில் பயணம் வைப்பதா என்று குழுவில் யாராவது மூத்தவர் கேட்பார். டொல்பினுக்கு அது நல்ல நாள் என்று சொல்லிச் சமாளியுங்கள். அந்த நாட்களில் நீரோட்டம் சற்று மெதுவென்பது உண்மைதான். வேகமான பெருக்கு வேண்டுமென்றால் இன்வர்னஸில் இரவு தங்கி அமாவாசை, பௌர்ணமி மாலையில் வாருங்கள். ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும்.

கோச் சாரதியின் மணித்தியாலக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு ஓட்டும் நேரம் வழமையாக 9 மணித்தியாலம். கிளாஸ்கோவிலிருந்து போகவர எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். ஏ9 வீதியில் ஒரு நெரிசல் வந்தால் மிச்சம் எதுவும் இல்லை. பிள்ளைகள் இன்னும் ஒரு அரை மணித்தியாலம் நிற்போம் என்று கெஞ்சும்போது சாரதி மறுப்பது இதனால்தான், அவரைக் கோபிக்காதீர்கள். வட இங்கிலாந்தில் இருப்பவர்கள் இதை ஒருநாள் பயணமாக வைக்கவே வேண்டாம்.

முனைக்குப் போகும் வீதி ஒடுக்கமானது. கொல்ஃப் மைதானத்தின் நடுவால் போகிறது, பந்து பறக்கும். கடைசியில் உள்ள வாகனத் தரிப்பிடம் மிகச் சிறியது. நல்ல பெருக்கு நாளில் கார்களுக்கே இடமிராது. கோச்சை உள்ளே விட்டால் திருப்ப வழியில்லாமல் எல்லோரையும் மறித்துக்கொண்டு நிற்கும். ஃபோர்ட்ரோஸில் அல்லது ரோஸ்மார்க்கியில் இறக்கி நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். ஒரு மைல் அளவு, தட்டையான வழி. முதியவர்களோடும் தள்ளுவண்டியோடும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். புறப்படுமுன் ஊருக்குள்ளேயே கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஒரு காரை மட்டும் நேரத்தோடு முன்னே அனுப்பலாம். சாப்பாட்டை ரோஸ்மார்க்கிக் கடற்கரையில் வற்று நேரத்திலேயே முடித்துவிடுவது புத்தி. பார்சல் பிரிக்கும் நேரமும் டொல்பின் வரும் நேரமும் ஒன்றானால் இரண்டும் கெடும்.

1846இல் கட்டிய வெள்ளை வெளிச்சவீட்டைத் தாண்டிக் கல்லுக்கரையில் இறங்கி, கோட்டையைப் பார்த்தபடி நில்லுங்கள். எங்கே பார்ப்பது என்று திகைக்க வேண்டாம். கரைக்குச் சற்றுத் தள்ளி, வழுவழுப்பான நீரும் கொந்தளிக்கும் நீரும் முட்டும் ஒரு கோடு தெரியும். பாசியும் நுரையும் அதில் வரிசையாக மிதக்கும். பெருக்கு வலுக்க அந்தக் கோடு தெளிவாகும். கண்ணை அதிலேயே வையுங்கள். அரிவாள்போல் பின்னோக்கி வளைந்த உயரமான துடுப்பு எழுந்து, உருண்டு, தாழும். காற்றில்லாத நாளில் மூச்சுவிடும் ‘புஸ்’ என்ற சத்தம் துடுப்புக்கு முந்தியே கேட்கும். உருண்டைத் தலை நிமிர்ந்து நின்று உங்களையே உற்றுப் பார்த்தால் அது கடல்நாய். சின்ன முக்கோணத் துடுப்பு என்றால் கடற்பன்றி (porpoise). டொல்பின்கள் அதைத் தாக்கிக் கொல்வதால் இரண்டையும் ஒன்றாகக் காண்பது அரிது. இந்தக் குளிர்நீர் டொல்பின்கள் நான்கு மீற்றரை நெருங்கும். தொலைக்காட்சியில் பார்த்ததை மனதில் வைத்து வந்த பிள்ளைகள் பருமனைக் கண்டு வாய்பிளப்பார்கள்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். அதைவிடப் பெரிதாக்குவது கையில் ஆடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கமெராவில் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குக் குறையக்கூடாது. பாய்ந்ததைக் கண்டபின் அமுக்கினால் வெறும் நீர்த்தெறிப்புத்தான் கிடைக்கும். மூச்சுக்கு எழுந்த இடத்தைக் குறிபார்த்துக் காத்திருங்கள். கடலெங்கும் வெள்ளை நுரைத்தலைகள் தெரியும் காற்றென்றால் துடுப்பைப் பிரித்தறிவது கடினம். ஜூலையிலும் தொப்பி, காற்று புகாத மேலங்கி வேண்டும். சேலையோடும் செருப்போடும் வருகிறவர்கள் இருபது நிமிடத்தில் கோச்சைத் தேடுவார்கள்.

கால் நனைக்க இது இடமில்லை. கல் சரிவு செங்குத்து, ஓட்டம் பலம். எட்டிப் பிடித்தால் பிள்ளை கைக்குள் வரும் தூரத்தில் நிற்கட்டும். நீர் ஏறிக்கொண்டே இருக்கும், பைகளை விளிம்பில் வைக்காதீர்கள். கல்லெறிவது, ஒலிபெருக்கி போடுவது, ட்ரோன் விடுவது மூன்றும் வேண்டாம். டொல்பின்களை வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தொந்தரவு செய்வது ஸ்கொட்லாந்தில் குற்றம்.

எல்லாம் பொருந்தியும் அவை வராத நாள் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கிய காட்சி அல்ல என்பதை அறிவித்தலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு முணுமுணுப்பு இராது. தூரம்தான் தடை என்றால் அபர்டீனைப் பாருங்கள். துறைமுக வாயிலை மேலிருந்து பார்க்கும் டோரி பட்டரி என்ற பழைய பீரங்கி மேட்டில் நின்றால், கப்பல்கள் வந்துபோகும் வாயிலிலேயே டொல்பின்கள் மீன்பிடிப்பதைக் காணலாம். எடின்பரோவிலிருந்து அது இன்னும் கிட்ட.

இப்படிக்கு,
கரையில் நின்று டொல்பின் பார்க்கும் சிலர்