மலைக்குக் கிடைத்த வழி கடற்கரைக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் இருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டியே காரில் போய், ராத்திரிக்குக் கூடாரம் அடித்துத் தங்கி, நடுவில் ஒரு மணல்தேரி, ஒரு மலை என்று ஏறிப் பார்க்கும் ஆசையோடு இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். நானும் தம்பியும் பத்தாம் வகுப்பு முடித்த அவன் மகளும் ஜனவரியில் காணும் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு கிளம்பினோம். ஏழு நாள், சுற்றல்களோடு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்து இரண்டு கோரிக்கைகள் எழுதுகிறேன்.

முதல் ராத்திரியிலேயே பாடம் கிடைத்தது. புதுச்சேரிக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூடாரம் போட்டுப் படுத்தோம், பதினோரு மணிக்கு ரோந்து வந்தவர்கள் டார்ச் அடித்து எழுப்பி, இங்கே தங்கக்கூடாது, உடனே கிளம்புங்கள் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பாதுகாப்புக்காகத்தான் சொன்னார்கள். ஆனால் "சரி, வேறு எங்கே தங்கலாம்?" என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. மூன்று பேரும் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் காரிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், இங்கே கூடாரம் போடலாம் என்று எழுதிவைத்த ஒரு பலகையைக்கூட வழியில் நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் பிச்சாவரத்தில் படகு, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இரண்டையும் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கினோம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு மீனவக் கிராமத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தயங்கித்தான் கேட்டேன். ஊரில் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்து, வலைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் கடல் பக்கமாகப் போடலாமா என்றதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணலைக் காட்டினார். "தம்பி, அலை இப்ப எங்க இருக்குன்னு பாக்காதீங்க, அது விட்டுட்டுப் போன குப்பை எங்க கெடக்குன்னு பாருங்க. அமாவாசை, பௌர்ணமின்னா அதுக்கும் மேல ஏறும்." காய்ந்த பாசி, தக்கை, செருப்பு, சிப்பி எல்லாம் கடலோரமாக ஒரே கோடாகக் கிடந்தன. நான் கூடாரம் போட நினைத்த இடம் அந்தக் கோட்டுக்குள் இருந்தது.

அப்புறம் கடற்கரை மணலில் கூடாரத்து முளை நிற்கவே நிற்காது, வாடைக்காற்று ஒரு இழுப்பு இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கும் அவர்தான் வழி சொன்னார். காலி அரிசிச் சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே கூடாரக் கயிற்றை முடிந்து, முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட வேண்டும். நாலு மூலைக்கு நாலு சாக்கு. ராத்திரி முழுவதும் துணிதான் படபடத்தது, கூடாரம் அசையவில்லை.

விடியற்காலையில் தம்பி மகள் ஓடிவந்து எழுப்பினாள். டிராக்டர் டயர் போனது மாதிரி கடலில் இருந்து ஒரு தடம் மேலே வந்து, ஒரு இடத்தில் மணலைக் கிளறிவிட்டு, வளைந்து திரும்பிப் போயிருந்தது. பங்குனி ஆமை முட்டையிட்டுப் போன தடம். நாங்கள் முதலில் நினைத்த இடத்துக்கும் அதற்கும் இருபது அடிகூட இருக்காது. இதைத்தான் கிளம்புகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மழையும் வெயிலும் இல்லாமல் நமக்குத் தோதான ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் ஆமைக்கும் முட்டையிடும் காலம். கரையில் வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை ஏறாமலே திரும்பிவிடும், ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துப் பொரியும் குஞ்சுகள் கடலைத் தேடுவதும் அந்தப் பக்கம் தெரியும் வெளிச்சத்தை வைத்துத்தான். நாம் விறகைப் போட்டுக் கொளுத்திப் பாட்டுப் பாடினால் அவை நெருப்பைப் பார்த்து நடக்கும். தயவுசெய்து மணலில் தீ மூட்டாதீர்கள்.

கோடியக்கரையில் வெளிமான்களையும் பூநாரைகளையும் பார்த்தோம், அது சரணாலயம், ராத்திரிக்கு வேதாரண்யத்தில் அறை எடுத்துக்கொண்டோம். தனுஷ்கோடியிலும் மாலைக்கு மேல் இருக்க விடமாட்டார்கள், அதுவும் சரிதான். 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் புயல் வாரிக்கொண்டு போன ஊர் அது, அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாரும் சொல்லாமலே புரியும். டெல்டா பக்கம் அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், இருட்டினால் ஆடு, மாடு, விளக்கில்லாத டிராக்டர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள், ஐந்து மணிக்குமேல் ஓட்டாதீர்கள். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, அதனால் இருபது லிட்டர் கேன் ஒன்று எப்போதும் காரில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வழியெல்லாம் மீன் சாப்பாடு என்று கனவோடு அப்போது வந்தால் ஏமாற்றம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், வேண்டவே வேண்டாம்.

நடைக்கு இரண்டு இடம் சொல்வேன். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி, சிவப்பு மணலும் பனையுமாகக் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரி இருக்கும், திசை தப்பிவிடும், அதனால் உள்ளூர் ஆள் ஒருவரோடு காலை எட்டு மணிக்குள் நடந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இன்னொன்று கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மருந்துவாழ் மலை. விடிவதற்குள் ஏறத் தொடங்கினோம், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மேலே போய் உட்கார்ந்தால் தென்னந்தோப்பும் குளங்களும் காற்றாலைகளும் அதற்கு அப்பால் கடலும். ஏழு நாள் ஓட்டி வந்த களைப்பு அங்கே போனது.

இனி கோரிக்கை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு விதிகள் வந்தன, 2024இல் வனத்துறை நாற்பது மலையேற்றத் தடங்களைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. யார் போகிறார்கள், எத்தனை பேர், எப்போது மூட வேண்டும், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. இதையே கடற்கரைக்கும் செய்ய வேண்டும். முதலில் நாலைந்து இடம் போதும். அலைக் கோட்டில் இருந்து நன்றாகத் தள்ளி ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு வேலி, கழிப்பறை, நல்ல தண்ணீர், குப்பைத் தொட்டி, இத்தனை கூடாரத்துக்கு மேல் கிடையாது என்ற கணக்கு. நடத்துவது அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவாக இருக்கட்டும். சுற்றுலா என்ற பேரில் நிலம் கைமாறிவிடுமோ என்ற பயம் மீனவ ஊர்களில் இருக்கிறது, நியாயமான பயம், அதனால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஊராக இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் உள்ளே வரவே கூடாது. எங்களுக்கு இடம் கொடுத்த பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிட்டு வாங்க, குழம்பு வெச்சுத் தரோம்" என்றார். முன்கூட்டிச் சொல்ல ஒரு வழி இருந்தால் அந்தக் குழம்புக்கு அந்த வீட்டுப் பெண்களுக்குக் காசு கிடைக்கும்.

இரண்டாவது கோரிக்கை உங்களிடம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எழும்பும் என்று அப்போது எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடலுக்குப் புயல் வேண்டாம், மழை வேண்டாம், வெகுதூரத்தில் எங்கோ அடித்த காற்றுக்கு இங்கே வெயில் காயும்போதே கடல் எழும்பும், வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. உங்கள் வானிலைப் பத்தியில் வெப்பநிலையும் சூரிய உதயமும் தினமும் வருகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் மாவட்ட வாரியாகக் கடல் எச்சரிக்கையையும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள், சனி, ஞாயிறில்தான் குடும்பத்தோடு கரைக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், தாம்பரம்