குரோம் தொட்டி அருகில் நிற்பவரின் மூக்கைப் பாருங்கள்

கோவையில் குரோம் முலாம் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். 11 ஆண்டுகள் குரோம் தொட்டியோரம் நின்றவன் நான். இன்று மூச்சை இழுத்தால் மெல்லிய விசில் ஒலி கேட்கிறது. இரு நாசிகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளை விழுந்துவிட்டது. ஒரு நாளும் வலித்ததில்லை. பொருக்குக் கட்டும், சில நாள் ரத்தம் கசியும். சளி என்றே இருந்துவிட்டேன். விரல் முட்டியில் விழுந்த குழிப்புண்ணும் அப்படித்தான், வலியே இல்லை. வலிக்காததால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

குரோமிக் அமிலத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் சிறு பங்குதான் முலாமாகப் படிகிறது. பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகப் பொங்குகிறது. ஒவ்வொரு குமிழி வெடிக்கும்போதும் அமிலம் கண்ணுக்குத் தெரியாத தூறலாக மேலே எழும். மூக்கை அரிப்பது அந்தத் தூறல்தான். நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தில் உள்ள குரோமிய வகையை, அதாவது ஆறு இணைதிறன் குரோமியத்தை, 1990இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது.

நான் வேலை செய்த இடத்தில் புழுக்கத்துக்கு ஒரு பெரிய மின்விசிறி வைத்தார்கள். அது தூறலை எங்கள் எல்லோர் முகத்துக்கும் பரப்பியது. வேண்டியது விசிறி அல்ல; தொட்டியின் விளிம்பிலேயே தூறலை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சி. கூடவே நுரை கட்டும் மருந்தைக் கலந்தால் குமிழி தெறிப்பது வெகுவாகக் குறையும். மூக்கில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுப்பதில்லை.

அமிலச் செதில்களைத் தொட்டியில் கொட்டும்போது ரப்பர் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். செதில் பட்ட சாக்கையும் கந்தலையும் மூலையில் குவிக்காதீர்கள், அவை தீப்பிடிக்கும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். மஞ்சள் கறை படிந்த என் சட்டைகளை என் மனைவி வெறுங்கையால் கசக்கினாள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே குரோம் புண்ணை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகப் பட்டியலிட்டது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்குச் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஆறு பேர்தான் இருந்தோம்.

நான் நின்ற இடத்தில் இப்போது ஓர் இளைஞன் நிற்கிறான். திங்கட்கிழமைதோறும், மின்சாரத்தைப் போடுவதற்கு முன், டார்ச் அடித்து அவன் மூக்கையும் விரல் முட்டிகளையும் பாருங்கள். சிறு புண் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்; அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தொழிலாளி ஒருவன்