பெடல் தரைக்குப் போனது ஏன்?

தண்டையார்பேட்டை,
ஆனி அமாவாசை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து விடியற்காலை இரண்டு மணிக்கே காசிமேட்டில் வண்டியோடு நிற்கிறேன். இன்றைக்கு அமாவாசை, மீன் வியாபாரம் மந்தம், அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருமுனைக் கடைப் பலகையை வாசலில் இருந்தே உரக்கப் படித்துக் காட்டுகிறார். உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொல்லிமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது, வண்டியைச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன், அரைமணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நின்றது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னால் இருக்கிற டிரம்மை, அதாவது ஷூ உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் பிரேக்கைத் தூக்கிவிட்டு, என்னைப் போல இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் போடப் போகிறேன், விவரம் சொல் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் பிரேக் ஆயிலை மாற்று. மாற்றாமல் அந்த 70 கொண்டை ஊசி வளைவுக்கு மறுபடியும் வண்டியை எடுக்காதே.

மூலக்கொத்தளம் பட்டறையில் நாம் இரண்டு பேரும் ஹெல்பராக இருந்தபோது நம்ம மேஸ்திரி பெடலை மிதித்துப் பார்த்தே கோளாறு சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் சூடாகிப் பிடி விட்டுப்போனால் பெடல் கெட்டியாகவே நிற்கும், வண்டிதான் நிற்காது. டிரம் சூட்டில் விரிந்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். பஞ்சு மாதிரி தரைக்குப் போய், ஆறினதும் தானாகத் திரும்பி வந்தது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். நீ மிதித்த மிதியெல்லாம் அந்த ஆவியை நசுக்கவே சரியாகப் போயிருக்கும்.

வண்டி வாங்கி நாலு வருஷத்தில் குறைந்தபோதெல்லாம் ஊற்றினாயே தவிர, மொத்தமாக மாற்றியதாக நீ எழுதவில்லை. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 வரைக்கும் இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்த பின் 155. உன் ஆயில் டப்பாவைத் திறந்து பார், டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் யோசி. உன் வண்டியில் முன்னால் ஏற்கெனவே டிஸ்க்தான். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது, பெரும்பங்கு வேலையை முன்பிரேக்தான் செய்கிறது. டிஸ்க்கைக் கவ்வும் காலிபரில் பிஸ்டன் பேடுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பதால் சூடு உடனே ஆயிலுக்குப் போய்விடும். டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் அதன் நுனியில் தள்ளி இருக்கிறது. அதனால் அன்றைக்குக் கொதித்தது அநேகமாக முன் காலிபர் ஆயில்தான். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு பின்னாலும் டிஸ்க் போட்டால், கொதிக்க இன்னும் இரண்டு இடம் சேர்த்துக் கொடுத்தது போலத்தான் ஆகும்.

நான் மாற்றியதற்குக் காரணம் வேறு. மீன் பெட்டியிலிருந்து ஐஸும் உப்புத் தண்ணீரும் தினமும் பின்சக்கரத்தின் மேல் சொட்டுகிறது. ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறி இறுகிவிடும், ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததே, அதில் என் வண்டி ஒரு நாள் முழுக்க நின்றது. டிரம்மைத் திறந்தால் ஷூவெல்லாம் எண்ணெய் குடித்துக் கிடந்தது. எண்ணெய் பட்ட லைனிங்கைக் கழுவிப் போட முடியாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வண்டி சும்மா நின்றது, அப்போது செய்தேன்.

புதுப்பேட்டையில் டிஸ்க்கும் காலிபரும் செட்டாகக் கிடைத்தது. பின் அச்சு உள்ளே இருக்கும் ஆக்சில் ஹவுசிங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது, சூட்டில் வளைந்துவிடும். ஷூவைத் தாங்கின பேக் பிளேட் இருந்த அதே நாலு போல்ட்டில் உட்காரும்படி 12 எம்எம் பிளேட்டில் பிராக்கெட் வெட்டி, லேத்தில் துளை போட்டேன். ஷாஃப்டை உருவினதும் ஆயில் சீலைப் புதிதாக மாற்றினேன். பழைய சீலை நம்பினால் கியர் ஆயில் வழிந்து புது டிஸ்க்கில் படும். ஹேண்ட் பிரேக்குக்கு, டிஸ்க்கின் நடுவிலேயே சின்ன டிரம் இருக்கும் வகையைத் தேடிப் பிடித்தேன். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் லோடோடு நிற்கும்போது அதன் அருமை தெரிகிறது.

பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு நாள் ஏர் எடுத்தும் பெடல் கெட்டியாகவில்லை. கடைசியில் பார்த்தால் காலிபர் இடது வலது மாறிப் போட்டிருந்தேன், காற்று வெளியேறும் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது. காற்று மேலேதானே நிற்கும், எப்படி வெளியே வரும்? அதைச் சரிசெய்து எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்தால், பின் டிஸ்க் இரண்டும் கிட்டே போக முடியாத சூடு. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் பின் லைன் வாயில் டிரம்முக்கென்று ஒரு குட்டி வால்வு இருந்தது. காலை எடுத்த பிறகும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்மில் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவை இழுத்துவிடும், டிஸ்க்கில் அப்படி எதுவும் இல்லை, பேட் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர் போட்ட பிறகுதான் நிம்மதி.

பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே கம்பியோடு இருக்குமே, பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த லோடு வால்வை யார் சொன்னாலும் கழற்றிவிடாதே. டிரம் சுற்றும்போது ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆனால் காலிபர் பிஸ்டன் வீல் சிலிண்டரைவிட ரொம்பப் பெரிது. பழைய கணக்கு அப்படியே பொருந்தாது. காலி வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வால் சுற்றிவிடும், மலையில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? நான் விடியற்காலையில் ஆளில்லாத ஈரத் தரையில் காலியாகவும் லோடோடும் மெதுவான வேகத்தில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது என்று உறுதியான பிறகே வேலைக்கு எடுத்தேன்.

டிஸ்க் போட்டும் உப்பு விடுவதில்லை. காலிபர் பின் இறுகிவிடும், மாதம் ஒரு தடவை கழற்றிக் கிரீஸ் வைக்கிறேன். மொத்தச் செலவு 36,000 ரூபாய். எனக்கு அது தேவையான செலவு. உனக்கு இப்போது அது தேவையென்று தோன்றவில்லை. டாட் 4 ஊற்றி நாலு சக்கரத்திலும் ஏர் எடு. டிரம்மை லேத்தில் பார்க்கச் சொல், ஷூவை மாற்று. ஏறின கியரிலேயே இறங்கு, காலை பிரேக்கிலேயே வைத்திருக்காதே. அதற்குப் பிறகும் பிடி விட்டால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஆர்டிஓ ஆபீஸில் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதே, எஃப்சியும் இன்சூரன்ஸும் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாய். வருகிறேன். மேலேயிருந்து காரவள்ளி வரைக்கும் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவேன், இறங்கினதும் நாலு சக்கரத்தையும் கை வைத்துப் பார்க்கலாம். ஆயிலை மாற்றியதும் ஒரு போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தேவராஜ்