லைட் ஆசிட்

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் சோலார் கம்பெனி வேலையைப் பற்றி அம்மா கேட்டதற்கு, "லைட் ஆசிட்தாம்மா, தண்ணி மாதிரி இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அவள் நிம்மதியாக முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

சோலார் செல்லில் பாஸ்பரஸ் ஏற்றிய பிறகு மேலே படிகிற கண்ணாடிப் படலத்தை எடுக்க ஹெச்.எஃப். (ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்) தொட்டியில் முக்குகிறோம் என்றாயே, அம்பத்தூரில் முப்பது வருஷம் நான் நின்றதும் அந்த ஆசிட் பக்கத்தில்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை பிக்ளிங் செய்ய, அதாவது மேல் கறையை ஆசிட்டில் எடுக்க, நைட்ரிக்கோடு அதையும் சேர்ப்போம். நைட்ரிக் யோக்கியன். பட்டவுடன் எரியும், தோல் மஞ்சளாகும், கை தானாகக் குழாயைத் தேடும். ஹெச்.எஃப். சத்தம் போடாமல் உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறையப் பட்டால் இதயமே நின்றுவிடலாம். தண்ணீரில் கலந்த ஆசிட் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் வலி தெரியவே 24 மணி நேரம்கூட ஆகும். உன்னுடைய அந்த 'லைட்'தான் எனக்குப் பயம்.

எங்கள் செட்டில் ஓர் அண்ணன் இருந்தார். கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. சாயந்திரம் கை கழுவிவிட்டு என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு நகத்துக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் இருந்ததாம். அரை நாள் சம்பளம் போய்விடும் என்று மறுநாளும் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் வெறும் "ஆசிட்" என்றுதான் சொன்னார். அவர்களும் சாதாரணப் புண்ணுக்குப் போடுவதையே போட்டு அனுப்பினார்கள். அந்த விரல் கடைசிவரை மடங்கவில்லை. டீ கிளாஸை மற்ற நாலு விரலால் பிடிப்பார்.

அதனால், புதுக் கையுறையாக இருந்தாலும் போடும் முன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து அமுக்கிப் பார். இறங்கினால் தூக்கிப் போடு, யார் முறைத்தாலும் சரி. பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே பட்டதாக வைத்துக்கொள். உடனே குழாய்த் தண்ணீர், அப்புறம் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். டாக்டரிடம் ஹைட்ரோஃபுளோரிக் என்று முழுப் பெயரையும் சொல்.

செல்லுக்கு நீலப் பூச்சு போடும் மெஷினுக்கு வருகிற சிலேன் வாயு எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. காற்றுப் பட்டாலே தானாகப் பற்றுமாம். சில சமயம் பற்றாமல் தேங்கி, மொத்தமாக வெடிக்குமாம். அலாரம் அடித்தால் "சும்மா அடிக்குது" என்று எவன் சொன்னாலும் நீ வெளியே ஓடிவிடு. அங்கே நின்று வேலை நேரத்தைக் காப்பாற்ற வேண்டாம்.

அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு ஷிஃப்டுக்குப் போனதும் அந்த ஜெல் ட்யூப் எங்கே வைத்திருக்கிறார்கள், என்ன தேதிவரை செல்லும் என்று பார்த்து, ராத்திரி எனக்குச் சொல்.

அப்பா