புள்ளி அட்டவணை எழுதும் முன்

அன்புள்ள கண்ணு,

உங்கள் கார்ட்டிங் (சின்ன ரேஸ் கார்) பந்தயத் தொடருக்கு நீ எழுதி அனுப்பிய விதிகளைப் படித்தேன். ஹெல்மெட், எடை, டயர் எல்லாம் சரி. புள்ளி அட்டவணையில்தான் எனக்குச் சம்மதமில்லை. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 10, கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி. விறுவிறுப்புக்காகப் போட்டிருக்கிறாய், புரிகிறது. ஆனால் எந்த வளைவில் எவன் மூக்கை நுழைப்பான் என்பதை அந்த எண்கள்தான் முடிவு செய்யும்.

ஃபார்முலா ஒன்றில் 2002 வரை முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6. 2003இல் அதை 10-8 ஆக்கினார்கள். முந்தினால் கிடைப்பது இரண்டு, மோதினால் போவது எட்டு, யார் துணிவார்? 2008இல் ஆறு பந்தயம் வென்ற மாஸாவுக்கு 97, ஐந்து வென்ற ஹாமில்டனுக்கு 98. 2010இலிருந்து 25-18. நீயும் அதையே எடுத்துக்கொள். உன் கணக்கில் போனால் பத்து, வந்தால் பதினைந்து. இரண்டாவதாக வருகிறவன் கடைசி லேப்பில் (சுற்றில்) பிரேக்கைத் தாமதமாகத்தான் மிதிப்பான். உங்கள் கார்ட்டில் பிரேக் பின் அச்சில் மட்டும். சக்கரம் பூட்டிக்கொண்டால் வால் சுழன்று, பக்கத்தில் இருப்பவன் மேல் போய் விழும்.

இரட்டைப் புள்ளியை ஃபார்முலா ஒன்றில் 2014 அபுதாபியில் ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். நீயும் அதை விதிகளிலிருந்து அடித்துவிடு.

இனி இழக்க ஒன்றுமில்லை என்கிற லேப்தான் பயங்கரம். 2022 அக்டோபர் 30, அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரின் ஒரு பந்தயம். ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடத்தில். இறுதிக்குப் போக இன்னும் இரண்டு இடம் வேண்டும். ஐந்தாம் கியரைப் போட்டு, காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே போனார். வளைவில் காரை உள்பக்கம் இழுத்துப் பிடிப்பது டயர். அதன் பிடி போதாது என்பதால்தான் எல்லோரும் பிரேக் போடுகிறார்கள். அன்று அந்த வேலையைச் சுவர் செய்தது. ஐந்து கார்களைத் தாண்டினார், அந்த லேப் 18.845 விநாடி. வலப்பக்கம் நசுங்கியதைப் பற்றி அவருக்கு என்ன கவலை, அடுத்த வளைவே இல்லையே! அன்று தண்டனை கிடையாது. அடுத்த ஜனவரியில்தான் இனி செய்தால் தண்டனை என்றார்கள்.

முன்னிலையில் இருப்பவனையும் கவனி. ஃபார்முலா ஒன்றில், 1990 ஜப்பானின் சுஸுகாவில் சென்னா ஒன்பது புள்ளி முன்னே. முதல் வளைவிலேயே ப்ரோஸ்டை இடித்தார், இருவரும் வெளியே, பட்டம் சென்னாவுக்கு. 1997 ஹெரெஸில் ஷூமாக்கர் வில்நவை இடித்தபோது ஆண்டுத் தரவரிசையிலிருந்தே நீக்கினார்கள். அந்த விதி உனக்கும் வேண்டும். மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதோடு "தகுதிநீக்கம் ஆன பந்தயத்தை விட முடியாது" என்றும் சேர். இல்லாவிட்டால் ஆளுக்கொரு இலவச மோதல் கொடுத்த மாதிரி.

சின்ன இடிகளுக்கு, நழுவும் கிளாம்ப்பில் மாட்டிய நோஸ் கோன் (கார்ட்டின் முன்மூக்கு மூடி) போதும். முன்னால் போகிறவனை இடித்தால் அது உள்ளே தள்ளிப் போகும். விவாதமே இல்லாமல் ஐந்து விநாடி தண்டனை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போதே குறித்துக்கொள்ளச் சொல், அப்புறம் கையால் இழுத்துச் சரிசெய்துவிடுவார்கள். முன்னால் இருப்பவன் வேண்டுமென்றே பிரேக் போட்டு மாட்டிவிடுவதும் உண்டு, அதற்கு வளைவில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

திருத்தியதை ஞாயிறுக்குள் அனுப்பு.

அப்பா